காட்டு எருமைக்கு நோயே வராதா?

பாகூர் ஏரிக்கரையை ஒட்டிய ஊரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவர் வீட்டில் இரண்டு எருமைகள் இருந்தன. ஒன்று பாட்டி காலத்திலிருந்து வழிவழியாக வந்த நாட்டெருமை. மற்றொன்று கடன் பட்டு வாங்கிய, முர்ரா என்ற பால் இன எருமை. போன ஐப்பசி அடைமழையில் தொண்டை அடைப்பான் கண்டு முர்ரா ஒரே இரவில் செத்துப்போனது. பக்கத்துத் தறியில் கட்டியிருந்த கிழட்டு நாட்டெருமை அசைபோட்டுக்கொண்டு நின்றது. "காட்டில் இருக்கும் எருமைக்கு யாரும் ஊசி போடுவதில்லை. அது நன்றாகத்தான் இருக்கிறது. அந்த மரபணுவை நம் எருமைக்குள் கொண்டுவந்தால் நோயே வராதே, ஏன் செய்யவில்லை?" என்பது அவர் கேள்வி.

கடலூர் மாவட்டத்தில், பெரும்பாலும் வீராணம் பாசனப் பகுதியில், கால்நடை மருத்துவராக வேலை பார்த்தவன் நான். இதே கேள்வியை வேறு வேறு சொற்களில் பலமுறை கேட்டிருக்கிறேன். கேள்வி நல்ல கேள்விதான், தம்பி. ஆனால் அதற்குள் இரண்டு தவறான நம்பிக்கைகள் ஒளிந்திருக்கின்றன. காட்டு விலங்கு நோயில் சாவதில்லை என்பது ஒன்று. காட்டில் சாகும் எருமையை நாம் பார்ப்பதில்லை, கழுகும் நரியும்தான் பார்க்கின்றன. நோய் தாங்கும் சக்தி என்று தனியாக ஒரு பொருள் உண்டு, அதை எடுத்து இன்னொரு மாட்டுக்குள் வைத்துவிடலாம் என்பது இரண்டாவது. இந்த இரண்டாவதைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது.

அதற்கு முன் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கொடைக்கானலிலும் ஊட்டியிலும் தேயிலைத் தோட்டத்துக்குள் வந்து நிற்பதை நாம் காட்டெருமை என்கிறோம். அது எருமையே இல்லை. காட்டுமாடு என்பதுதான் சரியான பெயர். சங்கப் பாட்டில் ஆமா என்று வருவது அதுதான். உறவு முறையில் அது பசுவுக்கு நெருக்கம், எருமைக்குத் தூரம். உண்மையான காட்டு எருமை தமிழ்நாட்டுக் காடுகளில் கிடையாது. ஆசியக் காட்டு எருமையில் பெரும்பகுதி அசாமில், அதிலும் காசிரங்காவில்தான் இருக்கிறது. நேபாளத்தில் கோசி ஆற்றங்கரையிலும், சத்தீஸ்கரிலும், மகாராஷ்டிரத்தின் கட்சிரோலிப் பக்கமும் கொஞ்சம் உண்டு. உலகம் முழுவதும் சேர்த்தாலும் நாலாயிரத்தை எட்டாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. ஆப்பிரிக்க எருமை வேறொரு பேரினம். அதன் குரோமோசோம் 52, நம் எருமையினுடையது 50. இரண்டையும் சேர்த்துக் கன்று பெற முடியாது. ஆனால் காட்டு எருமையின் நோயைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி ஆப்பிரிக்க எருமையை ஆராய்ந்து கிடைத்ததுதான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கோமாரியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் கோமாரி கண்ட மாட்டுக்கு வாயில் புண், காலில் புண், எச்சில் ஒழுகல், பால் வற்றிப்போகும். ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் ஓடும் கோமாரி வைரஸ் வேறு வகை. அந்த வைரஸ் ஆப்பிரிக்க எருமையின் தொண்டைக்குள் குடியிருக்கிறது. ஒரே எருமை ஐந்து ஆண்டு வரை அதைச் சுமந்திருக்கிறது. வெளியிலிருந்து எதுவும் வந்து சேராமல் தனித்து வைக்கப்பட்ட ஒரு சிறு மந்தையில் 24 ஆண்டு வரை வைரஸ் தங்கியிருந்தது பதிவாகியிருக்கிறது. இத்தனைக்கும் அந்த எருமைகளுக்குப் பெரும்பாலும் ஒரு கொப்புளம்கூட வருவதில்லை. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பு சில மாதங்களில் தேய்ந்ததும் கன்றுகளுக்குத் தொற்றுகிறது. அவை சமாளித்துக்கொண்டு வளர்ந்துவிடுகின்றன. பக்கத்து ஊர் மாட்டுக்குப் போனால்தான் வம்பு.

உண்ணிக் காய்ச்சலிலும் இதே கதை. தைலேரியா பார்வா என்ற ஒட்டுண்ணி ஆப்பிரிக்க எருமையின் இரத்தத்தில் சாதுவாக இருக்கிறது. அந்த எருமையைக் கடித்த உண்ணி மாட்டைக் கடித்தால் மாடு மூன்று வாரத்துக்குள் செத்துப்போகக்கூடும்.

இதைப் பார்த்துத்தான் காட்டு எருமைக்கு எதுவும் ஆகாது என்ற பேச்சு பிறக்கிறது. உண்மை என்னவென்றால், அந்த எருமையும் அந்தக் கிருமியும் மிக நீண்ட காலம் ஒன்றாக வாழ்ந்திருக்கின்றன. தாங்க முடியாத எருமைகள் கன்று ஈனும் முன்பே செத்து, தாங்கியவற்றின் வழி மட்டும் மிஞ்சியிருக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கொடுத்த விலை அது. அந்த விலைக்குக் கிடைத்த பாதுகாப்பும் அந்தக் கிருமிக்கு மட்டும்தான். வேறு கிருமி வந்தால் செல்லாது.

செல்லாது என்பதற்குச் சான்று வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட்). 1880களின் கடைசியில் இன்றைய எரித்திரியாவின் கடற்கரையில் இறக்கப்பட்ட மாடுகளோடு அது ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்தது. அந்த மாடுகள் இந்தியாவிலிருந்தோ அரேபியாவிலிருந்தோ வந்தவை என்பார்கள். பத்து ஆண்டுக்குள் கண்டத்தின் தென்கோடி வரை போய்ச் சேர்ந்தது. மாடுகளில் பத்துக்கு எட்டு, ஒன்பது செத்தன. கோமாரியைத் தொண்டையில் வைத்துக்கொண்டு சிரித்த அதே எருமைகள் கூட்டம் கூட்டமாக விழுந்தன. அவற்றின் முன்னோர்கள் அந்த வைரஸைப் பார்த்ததே இல்லை. நம் பக்கத்திலும் 1968இல் முதுமலை, பந்திப்பூர்க் காட்டுமாடுகளை வெக்கை வாரிக்கொண்டு போனது. இந்தியாவில் கடைசி வெக்கை 1995இல் நம் வட ஆற்காட்டில்தான் பதிவானது. 2011இல் உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். தடுப்பூசி ஒழித்த நோய் அது. மரபணுவை நம்பிக் காத்திருந்தால் இன்னும் காத்துக்கொண்டிருப்போம்.

அந்தப் பேரழிவுக்குப் பிறகு எஞ்சிய ஆப்பிரிக்க எருமைகளின் மரபணுவைச் சோதித்தவர்கள், பன்மை, அதாவது எருமைக்கு எருமை உள்ள மரபணு வேறுபாடு, சுருங்கிப்போயிருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். அப்படி இல்லை. பெரிய மந்தைகளில் பன்மை நன்றாகவே இருந்தது. காரணம் எளிது. எண்ணிக்கை சரிந்தாலும், எஞ்சியவை பரந்த வெளியில் ஒன்றோடொன்று கலந்து சில தலைமுறைக்குள் பெருகிவிட்டன. ஒரு முறை விழுவதால் பன்மை அதிகம் அழிவதில்லை. விழுந்த பிறகு நெடுங்காலம் சிறு கூட்டமாக, வேலிக்குள் அடைபட்டுக் கிடப்பதால்தான் அழிகிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

பன்மை ஏன் முக்கியம் என்பதை வீராணம் ஆயக்கட்டில் யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. ஊர் முழுக்க ஆந்திரா பொன்னி நெல் போட்ட ஆண்டில் குலைநோய் வந்தால் என்ன ஆகும் என்று அவர்களே சொல்வார்கள். எருமையின் உடம்பிலும் அதே கணக்குதான். கிருமி உள்ளே நுழைந்ததும் அதன் உடைந்த துண்டுகளைப் பிடித்து, 'இதோ திருடன்' என்று வெள்ளை அணுக்களிடம் காட்டிக்கொடுக்கும் புரதங்கள் உண்டு. அவற்றை உருவாக்கும் மரபணுக்கள் உடம்பிலேயே அதிக வேறுபாடு கொண்டவை. தாயிடமிருந்து ஒரு படி (நகல்), தகப்பனிடமிருந்து ஒரு படி. இரண்டும் வேறாக இருந்தால் அந்த எருமையால் அதிக வகைத் துண்டுகளைப் பிடிக்க முடியும். இரண்டும் ஒன்றாக இருந்தால் பிடிப்பு குறையும். மந்தை முழுவதும் ஒரே படியைச் சுமந்தால், ஒரு மாட்டை ஏமாற்றக் கற்றுக்கொண்ட கிருமி எல்லா மாட்டையும் ஏமாற்றிவிடும்.

இனி காசநோய். தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவில் 1990இல் எருமைகளிடம் மாட்டுக் காசநோய் கண்டுபிடிக்கப்பட்டது. பூங்காவின் தெற்கு எல்லையில் ஓடும் முதலை ஆற்றுக்கு அப்பால் இருந்த பண்ணை மாடுகளிடமிருந்து, அதற்கும் சுமார் முப்பது ஆண்டுக்கு முன்பே அது தாவியிருக்க வேண்டும் என்பது கணிப்பு. 1998இல் எடுத்த கணக்கில் தெற்கு மந்தைகளில் 38 விழுக்காட்டு எருமைகளுக்குத் தொற்று இருந்தது. நடுப்பகுதியில் 16. வடக்கில் ஒன்றரை. நோய் தெற்கிலிருந்து வடக்கே நடந்து போனதை அந்த மூன்று எண்களே காட்டுகின்றன. எருமையைத் தின்ற சிங்கங்களுக்கும் வந்தது. கவனியுங்கள், தம்பி: நோய் காட்டிலிருந்து வீட்டுக்கு வரவில்லை. கொட்டகையிலிருந்து காட்டுக்குப் போனது. வெக்கையும் அப்படித்தான் போனது.

ஒரே மந்தையில், ஒரே புல்லை மேய்ந்து, ஒரே குட்டையில் படுத்த எருமைகளில் சிலவற்றுக்குத் தொற்றியது, சிலவற்றுக்குத் தொற்றவில்லை. அங்கேதான் மரபணு ஆய்வாளர்கள் நுழைந்தார்கள். தொற்றியவற்றின் டிஎன்ஏவையும் தொற்றாதவற்றின் டிஎன்ஏவையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் தொடர்புடைய சில இடங்கள் கிடைத்தன. ஆனால் ஒவ்வோர் இடத்தின் பங்கும் சிறியது. இந்த ஒரு மரபணு இருந்தால் காசநோய் வராது என்று சொல்லும்படி எதுவும் அகப்படவில்லை. வீட்டு எருமையில் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. இத்தாலியில், கன்று வீசவைக்கும் புருசெல்லா கிருமியைத் தாங்கிய எருமைகளையும் தாங்காதவற்றையும் ஒப்பிட்டார்கள். கிருமியை விழுங்கிய வெள்ளை அணு அதைப் பட்டினி போடுவதற்காக இரும்பு போன்ற உலோகங்களை அங்கிருந்து வெளியேற்றுகிறது. அந்த வேலையைச் செய்யும் மரபணுவின் ஒரு வடிவம், தாங்கிய எருமைகளில் கூடுதலாக இருந்தது. ஆர்வமூட்டும் செய்திதான். ஆனாலும் கிடேரிக் கன்றுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் புருசெல்லா தடுப்பூசி போடுவதை இதைக் காட்டி யாரும் நிறுத்தவில்லை.

மரபணு மட்டும் போதாது என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த ஆய்வும் குரூகரிலிருந்து வந்ததுதான். 2015இல் வெளியானது. சுமார் இருநூறு பெண் எருமைகளைப் பிடித்து, பாதிக்கு நீண்ட நாள் வேலை செய்யும் குடற்புழு மருந்து கொடுத்தார்கள். மீதிப் பாதிக்குக் கொடுக்கவில்லை. நான்கு ஆண்டு பின்தொடர்ந்தார்கள். புழு நீங்கிய எருமைக்குக் காசநோய் தொற்றுவது குறையவில்லை. ஆனால் தொற்றிய பிறகு அது செத்துப்போவது பெரிதும் குறைந்தது. புழுவோடு போராடும் உடம்பு காசநோயோடு சரியாகப் போராட முடியாது. அதுவரை மகிழ்ச்சி. ஆனால் நோயோடு நீண்ட நாள் வாழ்ந்த எருமை, நீண்ட நாள் இருமிக்கொண்டும் இருந்தது. மந்தையில் நோய் பரவும் வேகம் பல மடங்கு கூடும் என்று கணக்குக் காட்டியது. ஒரு மாட்டுக்கு நல்லது மந்தைக்குக் கெட்டதாகப் போன கதை. இதைப் படித்த நாளில் நான் எத்தனை கொட்டகைகளில் புழு மருந்து கொடுத்திருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன். நம் வீட்டு எருமைக்குப் புழு மருந்து கட்டாயம் கொடுங்கள். நோய்ப்பட்டதைப் பிரித்துக் கட்ட நமக்கு வழி இருக்கிறது, காட்டில் இல்லை.

நோயில்லாத மந்தை ஒன்றும் தென்னாப்பிரிக்காவில் உண்டு. ஆடோ என்ற யானைப் பூங்காவின் எருமைகளுக்குக் கோமாரியும் இல்லை, காசநோயும் இல்லை, புருசெல்லாவும் இல்லை. அதனால் பண்ணைக்காரர்களிடம் அவற்றுக்கு நல்ல கிராக்கி இருந்தது. ஆனால் சிறு மந்தையாக நெடுநாள் தனித்திருந்ததால், குரூகர் எருமையோடு ஒப்பிட்டால் அவற்றின் மரபணுப் பன்மை மிகக் குறைவு. நோய் இல்லை என்பது வேறு, நோயைத் தாங்கும் என்பது வேறு. ஆடோவில் இருப்பது முதலாவது மட்டும்தான். சந்தையில் இரண்டையும் ஒன்றாக நினைத்து விலை கொடுப்பவர்கள் எந்த நாட்டிலும் இருக்கிறார்கள், மேல்மலையனூர்ச் சந்தையிலும் பார்த்திருக்கிறேன்.

நம் நாட்டில் இதன் கடைசிக் கட்டத்தைப் பார்க்க வேண்டுமானால் சத்தீஸ்கரின் உதந்திக் காட்டுக்குப் போக வேண்டும். காட்டு எருமை அந்த மாநிலத்தின் விலங்கு. ஒரு காலகட்டத்தில் உதந்தியில் எஞ்சியிருந்த பெண் எருமை ஒன்றே ஒன்று. ஆஷா என்று பெயர். அதன் செல்லை எடுத்து 2014 டிசம்பரில் ஹரியானாவின் கர்னாலில் குளோனிங் முறையில் ஒரு படியெடுப்புக் கன்றைப் பிறக்க வைத்தார்கள். வளர வளர அது முர்ரா சாயலில் இருக்கிறதே என்று சர்ச்சை எழுந்தது. அந்தச் சர்ச்சைக்குள் நான் போகவில்லை. அச்சு அசலாகவே பிறந்திருந்தாலும் மந்தைக்குப் புதிய மரபணு ஒன்றுகூடச் சேர்ந்திருக்காது என்பதைத்தான் நான் சொல்வேன். படியெடுத்தால் எண்ணிக்கை கூடும், பன்மை கூடாது. பிறகு அசாமின் மானஸ் காட்டிலிருந்து எருமைகளைச் சத்தீஸ்கருக்குக் கொண்டுவந்தார்கள். அதிலும் கருத்து வேறுபாடு உண்டு, ஆனால் வெளியிலிருந்து இரத்தம் வேண்டும் என்ற அளவில் எண்ணம் சரி.

இப்போது உங்கள் யோசனைக்கு வருகிறேன். காட்டு மரபணுவை நம் எருமைக்குள் கொண்டுவருவது புதிதல்ல. நம் எருமையே காட்டு எருமையின் வழிவந்ததுதான். இந்தத் துணைக்கண்டத்தில் சுமார் 5,000 ஆண்டுக்கு முன் பழக்கி எடுத்தது. இன்றும் அசாமிலும் கோசிக் கரையிலும் காட்டுக் கிடா இறங்கி வந்து ஊர் எருமையோடு சேர்கிறது. கன்று பெருத்துப் பிறக்கும் என்று ஊர்க்காரர்களும் தடுப்பதில்லை. அங்கெல்லாம் தொண்டை அடைப்பான் ஒழிந்துவிடவில்லை. மாறாக, காட்டு எருமையின் தூய வழி கலந்து கரைகிறது என்பதுதான் அங்கே பெரிய கவலை. கலப்போடு கோமாரியும் அடைப்பானும் காட்டுக்குள் போகின்றன. அதனால்தான் சரணாலயத்தின் எல்லையிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் கால்நடைகளுக்குத் தடுப்பூசி போட ஏற்பாடு செய்ய வேண்டும் என்று வனவிலங்குச் சட்டத்திலேயே ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள். காட்டு எருமையைக் காப்பாற்றும் ஊசி நம் மாட்டுக்குப் போடப்படுகிறது.

தொண்டை அடைப்பானைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் முர்ராவைக் கொன்றது அதுதான். அதை உண்டாக்கும் பாசுடுரெல்லா கிருமி சில மாடுகளின் தொண்டைச் சதையில் சத்தமில்லாமல் தங்கியிருக்கும். மழை, ஈரம், பட்டினி, நெடுந்தூரப் பயணம் என்று உடம்பு தளர்ந்த நேரம் பார்த்துக் கிளம்பும். பசுவைவிட எருமையை அதிகம் தாக்கும். காலையில் காய்ச்சல், மாலையில் தொண்டை வீக்கம், மூச்சுத் திணறல், விடிவதற்குள் முடிந்துவிடும். மருத்துவரை அழைத்து வருவதற்குள் கயிற்றை அவிழ்க்க வேண்டிய நிலை வந்துவிடுகிறது. 2015இல் கசகஸ்தான் புல்வெளியில் சைகா என்ற மான் போன்ற விலங்கு இரண்டு லட்சத்துக்கு மேல் சில வாரங்களில் செத்துக் குவிந்தது. குற்றவாளி இதே கிருமி. வழக்கத்துக்கு மாறான வெப்பமும் ஈரப்பதமும் அதைக் கிளப்பிவிட்டன. பாதிக்கப்பட்ட கூட்டங்களில் தாய், குட்டி எதுவும் மிஞ்சவில்லை. அவையும் ஊசி போடாத காட்டு விலங்குகள்தான்.

அப்படியானால் உங்கள் நாட்டெருமை ஏன் பிழைத்தது? உறுதியாகச் சொல்ல முடியாது, ஒரு எருமையை வைத்து யாராலும் சொல்ல முடியாது. வெளியூரிலிருந்து லாரியில் வந்து இறங்கிய முர்ரா, இடமும் தீவனமும் மாறிய தளர்ச்சியில் இருந்திருக்கலாம். நாட்டெருமை முந்தைய ஆண்டுகளில் லேசாகத் தொற்றிப் பிழைத்து எதிர்ப்பைச் சேர்த்திருக்கலாம். முகாமில் என்றோ போட்ட ஊசி காப்பாற்றியிருக்கலாம், வீட்டில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். மரபணுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கடைசியில் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டு, மற்றவற்றை விட்டுவிடாதீர்கள்.

மரபணுப் பக்கம் நம்மால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதற்குக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. 2019 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் எருமை சுமார் 5.2 லட்சம்தான். அதற்கு ஏழு ஆண்டுக்கு முன் எடுத்ததைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. இருப்பவற்றுக்கும் பெரும்பாலும் முர்ரா சினை ஊசிதான். முர்ராவை நான் குறை சொல்லவில்லை, பால் கொடுக்கிறது. ஆனால் ஒரு கிடாவிடமிருந்து ஆண்டுக்குப் பல ஆயிரம் உறைவிந்துக் குச்சிகள் எடுக்க முடியும். ஒரே கிடாவின் குச்சி ஊருக்கெல்லாம் போகும். மூன்று ஆண்டு கழித்து அதன் மகளுக்கும் அதே கிடாவின் குச்சி வந்தால் கேட்பாரில்லை. ஆடோவில் வேலி செய்த வேலையை இங்கே குச்சி செய்துவிடும். அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் ஒரு பொலிகிடா இருந்தது. சேற்று உழவுக்கு எருமை தேவைப்பட்டதால் கிடாவும் வாழ்ந்தது. டிராக்டர் வந்த பிறகு கிடாக் கன்றுக்கு மதிப்பில்லை, பால்குடி மறப்பதற்குள் போய்விடுகிறது. நாட்டெருமையின் மரபணு நம் ஊரில் அந்த வழியாகத்தான் வெளியேறிக்கொண்டிருக்கிறது.

ஆகவே சினை ஊசி போடும்போது குச்சியின் மேல் அச்சிட்டிருக்கும் கிடாவின் எண்ணைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். காது வில்லையின் 12 இலக்க எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டில் எழுதினால் போதும். அடுத்த முறை வேறு கிடா கேளுங்கள். மழைக்கு முன்பே தொண்டை அடைப்பான் ஊசி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கோமாரி ஊசி, புதிதாக வாங்கிய மாட்டை மூன்று வாரம் தனியாகக் கட்டுவது. இவற்றில் எதையும் மரபணு ஈடுகட்டாது.

உங்கள் கிழட்டெருமைக்கு இன்னும் ஒரு ஈத்து மிச்சம் இருக்கிறதா? இருந்தால், சுற்று வட்டாரத்தில் எங்கேயாவது நாட்டுக் கிடா இருக்கிறதா என்று விசாரியுங்கள், நானும் காட்டுமன்னார்கோவில் பக்கம் கேட்டுச் சொல்கிறேன். பிறப்பது கிடாக் கன்றாக இருந்தால் வியாபாரியிடம் கயிற்றைக் கொடுப்பதற்கு முன் எனக்கு ஒரு தகவல் சொல்லுங்கள்.